ஒத்தைத் தலைகாணி

பத்து நிமிடம் என்று சொல்லிவிட்டுத்தான் வசந்தாமணி அந்தக் கட்டிலில் படுத்தாள். கேட்கவில்லை, சொன்னாள். செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள், கொசுவத்தைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டாள், முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகினாள், எப்போதும் படுக்கிற வலது பக்கமாகச் சாய்ந்து, கடைக்காரர் நீட்டிய தலைகாணியில் தலையை வைத்தாள். மெத்தைக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறை அவளுக்கு அடியில் சளசளவென்று சத்தம் போட்டது, ஊரைக் கூட்டுகிற சத்தம். கூட்டட்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி, வாரமெல்லாம் கம்பெனிக்குள் கிடக்கிற திருப்பூர் சனம் மொத்தமும் கடைவீதிக்கு வந்துவிடுகிற நேரம். மெத்தைக் கடைக்கு முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியை ஒட்டித்தான் கட்டிலைப் போட்டிருந்தார்கள், பார்வைக்கு. அதில் இதுவரை யாரும் படுத்ததில்லை என்பது கடைக்காரரின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. “கையில அமுக்கிப் பாத்தாப் போதுமுங்க அம்மிணி, எல்லாரும் அப்படித்தான் வாங்கீட்டுப் போறாங்க” என்றார் அவர். புருசன் ரத்தினசாமி அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு, அது யாருடைய பை என்றே தெரியாதவர் மாதிரி ரோட்டைப் பார்த்து நின்றார். “ஏம்புள்ள, எந்திரி. போறவன் வர்றவனெல்லாம் பாக்கறான்.” “பாக்கட்டுமுங்க.” “மானம் போகுது.” “பத்து நிமிசத்துல எவ்வளவு போயிருமுங்க?” சொன்ன பிறகு அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. இருபத்தாறு வருசத்தில் அவரிடம் இப்படி ஒரு பதில் அவள் வாயிலிருந்து வந்ததில்லை, அதுவும் படுத்துக்கொண்டு. கல்லாவுக்கு மேலே ஒரு கடிகாரம். படுத்துப் பார்க்கையில் அதுவும் சாய்ந்து கிடந்தது. நாலு ஏழு. நாலு பதினேழுக்கு எழுந்துகொள்ளலாம்.

கையில் அமுக்கிப் பார்ப்பதாம். யாரிடம் வந்து சொல்கிறார். இருபத்திரண்டு வருசமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங், இந்தக் கை வழியாக எத்தனை லட்சம் பீஸ் போயிருக்கும், மெசினில் ஒரு ஊசி மழுங்கி ஓடியிருந்தால் துணியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழும், கண்ணுக்குத் தட்டாது, விரலுக்குத் தட்டும், பேசிக்கொண்டே தடவினாலும் அவள் விரல் அந்த இடத்தில் நின்றுவிடும். அந்தக் கர்வத்தில்தான் மோசம் போனாள். வீட்டில் இருந்த பழைய தலைகாணி கட்டிங் வேஸ்ட் அடைத்தது. கம்பெனியில் வெட்டி மிஞ்சுகிற துணித் துண்டுகளைச் சாக்கில் கொண்டுவந்து, உறைக்குள் திணித்து வாயைத் தைத்துவிட்டால் தலைகாணி, இந்த ஊரில் பாதி வீட்டில் அதுதான். ஆறு மாசத்தில் கல்லாகிவிடும். பிரித்து உதறி, வெயிலில் போட்டு, மறுபடி திணித்தால் மறுபடி கல்லாகும். அந்தக் கல்லில் தலை வைத்துத்தான் இரண்டு பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, வெளியூருக்கு அனுப்பினாள். கழுத்து பிடித்துக்கொண்டதும் கடைவீதிக்குப் போய் ஒன்று வாங்கினாள், பஞ்சு சீராக இருக்கிறதா, எங்கேயாவது கட்டி தட்டுகிறதா என்று பீஸ் பார்க்கிற மாதிரியே தடவிப் பார்த்து. ஒரு கட்டி இல்லை. விடிந்தபோது தோள்பட்டையைத் தூக்க முடியவில்லை. அடுத்து இன்னொன்று, அதையும் விரலால்தான். அதுவும் போச்சு. கடைசியில் கம்பெனிக்கு லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிசியோதெரபி பார்க்கிற பெண், அவள் மகள் வயசுதான் இருக்கும், ஒருக்களித்துப் படுக்கச் சொல்லிக் காதுக்கும் தோள்முனைக்கும் நடுவில் ஸ்கேலை வைத்து அளந்தாள். “இந்த எடவெளிதான்க்கா உங்க தலைகாணி. அது தலைக்கு இல்ல, கழுத்துக்கு. ஒவ்வொருத்தருக்கும் ஒரு அளவு. கையில அமுக்கிப் பாத்தா எப்படித் தெரியும்? கடையிலயே படுங்க. பத்து நிமிசம் படுங்க. விரல் மரத்துச்சுன்னா அது உங்களுது இல்ல, வெச்சுட்டு வந்துருங்க.” துணிக்கு விரல் போதும், கழுத்துக்கு எப்படிப் போதும், இது ஏன் எனக்கு உறைக்கவில்லை என்று அன்றைக்கு பஸ்ஸில் வரும்போதெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

நாலு ஒன்பது. இந்தத் தலைகாணி நடுவில் பள்ளம், கழுத்துப் பக்கம் மேடு. மெமரி ஃபோம் என்று பேர். “தலையோட அச்ச அப்பிடியே ஞாபகம் வெச்சுக்குமுங்க” என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்லியிருந்தார். ஞாபகம் வைத்துக்கொள்ளவா ஆளில்லை இங்கே. வசந்தாமணிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள், படுத்துக்கொண்டு தானாகச் சிரித்தால் வேறு மாதிரி ஆகிவிடும். கன்னத்துக்கு இதமாகத்தான் இருக்கிறது. கழுத்து இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. வலது கையை மார்புக்கு முன்னால் மடக்கி, முந்தானையின் நுனியைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாகத் தேய்த்தாள், யார் கண்ணிலும் படாமல். துணி தெரிகிறது. ஓரத்துத் தையல் தெரிகிறது. அப்பாடா. இதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. கழுத்துவலி ஊருக்கே தெரியும், தைலம் தேய்க்காத ஆளில்லை, வைத்தியம் சொல்லாத வாயில்லை. ஆனால் விடிகாலையில் எழுந்திருக்கும்போது இந்த இரண்டு விரலும் வேறு யாருடையதோ மாதிரி மரத்துக் கிடப்பதும், காபி டம்ளரைப் பிடித்தால் சூடு தெரியாமல் போவதும், முதலில் கால் மணி நேரம், பிறகு அரை மணி, இப்போதெல்லாம் கம்பெனியில் முதல் பண்டலைப் பிரிக்கிற வரைக்கும் அது நீள்வதும் ரத்தினசாமிக்குக்கூடத் தெரியாது. போன மாசம் அவள் பார்த்து அனுப்பியதில் ஒரு பீஸ் திரும்பி வந்தது. கழுத்துப்பட்டிக்குக் கீழே ஊசிமுனை அளவு ஓட்டை. சூப்பர்வைசர் அதை மேசையில் விரித்துக் காட்டி, “நீங்களாக்கா?” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நீங்களாக்கா. அன்றிலிருந்து அந்தக் கேள்வி அவள் பின்னாலேயே வருகிறது, சோறு பிசையும்போது வருகிறது, துணி பிழியும்போது வருகிறது, நீங்களாக்கா, நானா, நான்தான், இந்த விரல்தான். விரல் போனால் வேலை போகும், வேலை போனால் வீட்டோடு கிடக்க வேண்டும், கிடந்தால் நாத்தனார் வாரம் தவறாமல் வந்து, பாவம், முடியாதவ, என்று சொல்லிக்கொண்டே அடுக்களையில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்ப்பாள், அப்புறம் ஒருநாள், பாவம் முடியாதவ என்பதே அவள் பேராகிவிடும். போதும், நிறுத்து என்று வசந்தாமணி தன்னையே அதட்டினாள். அப்படி ஆகக் கூடாது என்றுதானே இங்கே வந்து படுத்திருப்பது.

கடைக் கதவு திறந்து ஒரு அம்மாவும் மகளும் உள்ளே வந்தார்கள். கல்யாணச் சீருக்கு மெத்தை எடுக்க வந்தவர்கள் என்பது அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு வந்ததிலேயே தெரிந்தது. அம்மாவின் கழுத்தில் தடிமனாக ஒரு சங்கிலி, குரல் அதைவிடத் தடிமன். “ஏனுங்க, கட்டல்ல ஒரு அம்மா உழுந்து கெடக்குது, மயக்கமுங்களா? தண்ணி கிண்ணி தெளிச்சு உடுங்க.” “அதெல்லாம் இல்லீங்க, தலைகாணி பாக்கறாங்க” என்றார் கடைக்காரர், ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டவர் போல. “படுத்துட்டா?” “தலைகாணிய நின்னுட்டுப் பாக்க முடியுங்களா?” என்றாள் வசந்தாமணி, கண்ணைக்கூடத் திருப்பாமல். கல்யாணப் பெண் கிளுக்கென்று சிரித்துவிட்டு அம்மா முறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். பேச்சை மாற்றுகிற சாக்கில் கடைக்காரர், “இதே மாடல்ல ஒரு ஜோடி பில் போட்டரலாமுங்களா?” என்றார். “ஒண்ணு போதுமுங்க.” சங்கிலிக்காரம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. “ஒத்தத் தலைகாணி வாங்கக் கூடாது கண்ணு. ஊட்டுக்காரரு பக்கத்துலயே நிக்கறாரு, அவரு காதுல உழுகற மாதிரி இதென்ன பேச்சு.” வசந்தாமணிக்குத் தெரியாதா என்ன. சீரில் வைப்பது ஜோடி, கடையில் எடுப்பது ஜோடி. ஒருத்தர் போய்ச் சேர்ந்தால் அவர் தலைகாணி பாயோடு சேர்ந்து சுடுகாட்டுக்குப் போகும், மிச்சம் நிற்பது ஒத்தை. அதனால் கட்டின புருசன் இருக்கையில் ஒத்தையாக ஒன்றை வாங்கி வீதி வழியே கொண்டுபோனால் பார்க்கிறவர்கள் அபசகுனம் என்பார்கள். ரத்தினசாமி இப்போதுதான் ரோட்டிலிருந்து முகத்தைத் திருப்பினார். அந்த முகத்தில் கோபம் இல்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. போன பங்குனியில் அவருடைய அண்ணன் போனார், தூக்கத்திலேயே, ஒரு வார்த்தை சொல்லாமல். காரியம் முடிந்து அந்த அறைக்குள் போன ரத்தினசாமி, சுவரோரம் அண்ணியின் தலைகாணி மட்டும் தனியாகச் சாய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு தினமும் டெம்போ ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும், அவள் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கிறார். அவள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். “நான் இன்னும் உசுரோடதான புள்ள இருக்கறேன்” என்றார் ரத்தினசாமி, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

நாலு பன்னிரண்டு. சரிங்க, ஜோடியாவே எடுத்துக்கலாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது, எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, திரும்புகிற வழியில் ஆளுக்கொரு டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், அவர் முகமும் தெளிந்துவிடும். ஆனால் ஜோடி என்றால் யாருடைய அளவு? இத்தனை வருசமும் ஜோடி என்றால் அவருடைய அளவுதான். அவருக்கு உயரமாக இருந்தால்தான் மூச்சு சரியாக வரும், அதனால் அவளுக்கும் உயரம். கேட்டு நடந்ததில்லை, யாரும் கட்டாயப்படுத்தியும் நடந்ததில்லை, ஒரே மாதிரி இரண்டு உறை தைப்பாள், ஒரே மாதிரி இரண்டையும் அடைப்பாள், அவ்வளவுதான் கதை. இதில் யாரைக் குறை சொல்வது. பகலில் படுக்கக் கூடாது என்று அவளிடம் யாராவது சொன்னார்களா? ஒருத்தரும் சொல்லவில்லை. ஆனாலும் வாசல் கேட்டின் கொண்டியைத் தூக்குகிற சத்தம் கேட்டால் அடித்துப் பிடித்து எழுந்துவிடுவாள், ஊரெல்லாம் மூட்டுக் காய்ச்சல் வந்து கிடந்த வருசம்கூட, கை ஊன்ற முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தலைமுடியை அள்ளி முடிந்து, ஒண்ணுமில்லை சும்மா சாஞ்சேன் என்பாள். வந்தவர் கேஸ் சிலிண்டர்காரர். அவருக்கு எதற்கு அந்த விளக்கம், அவர் கேட்டாரா? இதை நினைத்தபோது வசந்தாமணிக்கு மூக்கு நுனி வரை கோபம் ஏறியது, அவர்மேல் இல்லை, இவர்மேல் இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தவள்மேல். நாலு பேர் பார்க்க ஒரு பொம்பளை படுத்திருப்பதென்றால் பிள்ளை பெறும்போது, இல்லாவிட்டால் நடுவீட்டில் கிடத்தும்போது. மாலையும் ஊதுவத்தியும் மட்டும்தான் இங்கே பாக்கி என்று தோன்றியது, தோன்றியதும் கால் கட்டைவிரல்கள் இரண்டும் சேர்ந்து இருக்கிறதா என்று காலை அசைத்துப் பிரித்து வைத்துக்கொண்டாள். கண்ணாடிக்கு வெளியே ஒரு ஆள் நின்று வேடிக்கை பார்த்தான். கையில் பஜ்ஜிப் பொட்டலம், வாய் மெல்லுவதை நிறுத்திவிட்டது. வழக்கமாக யாராவது இப்படிப் பார்த்தால் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். மூடவில்லை. படுத்தபடியே அவனைப் பார்த்தாள், கண் கொட்டாமல், நீ பாரு, நானும் பாக்கறேன், எனக்கு இன்னும் அஞ்சு நிமிசம் இருக்குது, உனக்குப் பஜ்ஜி ஆறிப் போகும். அவன்தான் முதலில் தலையைத் திருப்பிக்கொண்டு போனான். அவளுக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருசம்.

நாலு பதினைந்துக்கு அது வந்தது. முதலில் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு சின்ன இழுப்பு, ஒன்றுமில்லை, படுத்தவாக்கில் லேசாகப் பிடித்திருக்கும், பிறகு முழங்கைக்கு வெளிப்பக்கமாக எறும்பு ஊருகிற மாதிரி, இல்லை, இது பிளாஸ்டிக் உறை உரசுவது, பிறகு பெருவிரல். முந்தானை நுனியைத் தேய்த்துப் பார்த்தாள். துணி தெரிந்தது. தையல் தெரியவில்லை. திரும்பத் தேய்த்தாள், ஓரம் எங்கே, இங்கேதானே இருந்தது, கண்ணால் பார்த்தால் விரலுக்குக் கீழேயே மடிப்புத் தையல் ஓடுகிறது, விரல் மட்டும் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறது. அடப்பாவி. இன்னும் இரண்டு நிமிடம். இத்தனை பேர் முன்னால் இத்தனை நேரம் மானத்தை விட்டுப் படுத்தது இதற்கா. நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிடு என்றது மனசு, கன்னத்துக்கு இதமாகத்தானே இருக்கிறது, போகப் போகப் பழகிவிடும், எதுதான் பழகவில்லை, கடைக்காரரும் பாவம் எவ்வளவு நேரம் நிற்பார், இவரும் நிற்கிறார், பரவாயில்லை என்று ஒரு வார்த்தை. பரவாயில்லை. வெந்நீர் அடுப்பில் கை சுட்டபோது பரவாயில்லை, மகன் கல்யாணப் பட்டு அவளுக்குப் பிடிக்காத கலரில் வந்தபோது பரவாயில்லை, நாத்தனார் அவள் பேரைப் போடாமல் பத்திரிகை அடித்தபோது, அட, அதுக்கென்ன, பரவாயில்லை. கம்பெனியில் ஒருநாளாவது, ஒரு பீஸுக்காவது அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பாளா? கப்பலில் ஏறி எங்கேயோ போகிற துணி, எவனோ வெள்ளைக்காரன் போட்டுக்கொள்ளப் போகிறான், அவன் தோளில் ஒரு ஓட்டை வந்துவிடக் கூடாதென்று இருபத்திரண்டு வருசம் இந்தக் கழுத்தைக் குனிந்தே வைத்திருந்தவள், தன் கழுத்துக்கு வருகிறபோது பரவாயில்லை என்பாளாம். முடியாது. வசந்தாமணி பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தாள், மிச்சம் இரண்டு நிமிடத்தையும் பார்த்துவிடலாம் என்று. ஒருவேளை தன் பயம்தான் விரலில் வந்து நிற்கிறதோ, பொய்யாக ஒன்றை வேண்டாம் என்று தள்ளிவிடவும் கூடாது. ஆள்காட்டி விரலும் மரத்தது. நாலு பதினேழு.

“எப்படிங்க அம்மிணி, சொன்னனே, சும்மா மேகத்துல படுத்த மாதிரி இருக்குமுங்களே. எந்திரிங்க, பேக் பண்ணிரலாம்.” கடைக்காரர் பில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கே வந்துவிட்டார். சங்கிலிக்காரம்மா மெத்தை பார்ப்பதை விட்டுவிட்டு இவளையே பார்த்தாள். ரத்தினசாமி கைப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். வசந்தாமணி எழுந்து உட்கார்ந்தாள். தலைகாணியை எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினாள். “இது எனக்கு ஆகாதுங்க. இதுல ஒரு விரக்கடை தணிவா ஒண்ணு எடுங்க.” கடைக்காரர் ஒரு நிமிடம் தலைகாணியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “தணிவா இருக்குதுங்க. ஜோடியா?” என்றார். “ஒண்ணு.” “ஏம்புள்ள” என்று தொடங்கினார் ரத்தினசாமி. அவள் அவருடைய கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள், அவ்வளவு பேர் முன்னால், தன் இரண்டு விரலையும் அவர் உள்ளங்கையில் வைத்தாள். “கிள்ளுங்க.” “என்னது?” “சும்மா கிள்ளுங்க.” அவர் தயங்கி, நகம் படாமல் கிள்ளினார். “இன்னும்.” கொஞ்சம் அழுத்திக் கிள்ளினார், பெருவிரல் நுனி வெளுத்துச் சிவந்தது. அவள் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. அவர் மறுபடியும் கிள்ளிப் பார்த்தார், பிறகு கையை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். “எப்பயிருந்து?” “ஆறு மாசமா. உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்க, நீங்க நல்லாத்தான் இருக்கறீங்க. எனக்குத்தான் ஆயிட்டிருக்குது.” கடைக்காரர் உள்ளேயிருந்து தட்டையாக ஒன்றைக் கொண்டுவந்தார். அவள் அதை வாங்கி அமுக்கிப் பார்க்கவில்லை, தடவிப் பார்க்கவில்லை, மெத்தையில் வைத்தாள், முந்தானையை மறுபடி செருகினாள். “மறுபடியும் படுக்கறயா?” என்றார் ரத்தினசாமி. “ஆமாங்க, பத்து நிமிசம். இதுவும் ஆகலீன்னா அடுத்ததுக்கு ஒரு பத்து. நீங்க வேணும்னா போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க.”